கை நடுக்கத்தின் காரணம்

1

இந்தக் கதை எனக்குத் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. 1983ஆம் வருஷம், சென்னையிலிருந்து வந்த பேருந்தில் ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். அவனுடைய சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிட்டாள். அவன் வேறெங்கோ பார்த்தபடி நின்றான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது. [பெயர்களும்தான்.]

2

முதல் தொடக்கம்: ‘அசாமில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தபோது சிப்பாய் மல்லிநாதன் —’

வேண்டாம். அசாமை நான் பார்த்ததில்லை. அவன் மனைவி சுனந்தாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அவள் செங்கம் சாலையில் ஒரு வாடகை வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பௌர்ணமிதோறும் மலை சுற்றும் கூட்டம் அவள் வாசலை ஒட்டிப் போகும். அத்தனை பேரில் அவளைத் தேடி வருகிறவர் ஒருவருமில்லை. மல்லிநாதன் பட்டாளத்தில் கொசு ஒழிப்புப் பிரிவில் இருந்தவன். மருந்துத் தூளை வெறுங்கையால் கரைத்து, வருஷக்கணக்காக முகாம் முகாமாக அடித்தான். கை நடுக்கமும் மூச்சிரைப்பும் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய் பணியால் வந்தது என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால்தான் ஊன ஓய்வூதியம். ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் ஜைனர்கள். [இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். விளக்கில் பூச்சி விழுந்துவிடக் கூடாதே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள் என்பது போதும்.] “பூச்சி கொன்ன சம்பளம்” என்று மல்லிநாதனின் அண்ணன் ஜினராஜ் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. மல்லிநாதன் மறுத்தும் பேசவில்லை.

“சுடற வேலை வேணாம்னுதான் இதுக்குக் கை தூக்கினேன், சுனந்தா. காலைல பாத்தா தேனீங்க, பல்லிங்க எல்லாம் செத்துக் கெடக்கும். தொடப்பத்தால அள்ளிப் போடுவேன்.”

“மேல இருக்கறவங்க சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க.”

“கை என்னுதுதானே?”

3

முன்னாள் சுபேதார் சகாதேவன்தான் மேல்முறையீடு செய்ய வைத்தவர். [இவர் தேவையா என்று யோசித்தேன். இவரையும் எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு வர ஆளே இல்லை. இருக்கட்டும்.]

“டாக்டர் கேட்டா ஒண்ணே ஒண்ணு சொல்லு, மல்லி. பட்டாளத்துல சேரறப்ப நல்லா இருந்தேன், மருந்து அடிச்சுதான் இப்பிடி ஆயிட்டேன்னு. ஜாஸ்தி பேசாத.”

மல்லிநாதன் தலையாட்டினான்.

சென்னையில் மேல்முறையீட்டுக்காக அவனைப் பரிசோதித்த டாக்டர் தமிழர்தான். முதலில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் சுனந்தாவை உட்காரச் சொன்னார். மல்லிநாதனின் விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?”

சுனந்தாவின் வாய்க்குள் சகாதேவன் சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஓடியது.

“என் வினைங்க” என்றான் மல்லிநாதன்.

“அப்படின்னா?”

“நான் செஞ்சதுக்கு நான் அனுபவிக்கிறேன். பட்டாளத்தைச் சொல்லிக் குத்தமில்லைங்க.”

சுனந்தா எழுந்தாள். “சார், அவரு மருந்து அடிச்சதைத்தான் அப்பிடி —”

“அவர் பேசட்டும்மா.”

அவன் விரல்களை மெல்ல இழுத்துக்கொண்டான். நோய் பணியால் ஏற்பட்டதல்ல என்றே மறுபடியும் முடிவு வந்தது.

4

திரும்பும் வழியில் அவள் என்ன செய்தாள்? அழுதாள் என்று எழுதினேன். இல்லை. திட்டினாள் என்று எழுதினேன். அதுவும் இல்லை. ‘தன்னைத் தண்டித்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு, ஆனால் அந்தத் தண்டனையில் —’ இந்த வாக்கியத்தை எனக்கு முடிக்கத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது சொன்னாள்:

“வினை உங்களுதுங்க. ஊட்டற கை என்னுது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”



5

சகாதேவன் இன்னொரு மனுவோடு வந்தார். ‘என் நோய்க்கு ராணுவப் பணியே காரணம்’ என்று அதில் இருந்தது. பேனா மல்லிநாதனின் விரல்களில் நிற்கவில்லை.

“நீ எங் கையப் புடிச்சுப் போடு. நான் இழுத்துக்க மாட்டேன்” என்றான் மனைவியிடம்.

“அதுல எழுதியிருக்கறத நம்பறீங்களா?”

“இல்ல.”

சகாதேவன் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள் கையெழுத்தைப் போட வைக்கிறாள், ஓய்வூதியம் வருகிறது, அதில் வாங்கிய அரிசியை அவன் தொடுவதில்லை. இன்னொரு முடிவில் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்காருகிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டிலும் அவளைவிட நான் அவசரப்பட்டிருந்தேன்.

அவள் தன் கையை அவன் கைமேல் வைத்தாள் என்பதுவரை எனக்கு உறுதி. நடுக்கம் அவள் தோள்வரை ஏறியது. பேனா முனை காகிதத்தைத் தொடாமல் அதன்மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் அவளுக்கு யோசனை சொல்ல யாருமில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வாசகரே, உங்களுக்குத் தெரிந்தால் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.