இரண்டாம் நம்பர் வயர்

"ஏம்மா, உங்க நைனா என் வண்டி காயிலை மெட்ராஸ்ல யாருகிட்ட வித்தாரு?"

இளம்பரிதி இப்படிக் கேட்டது சந்திராவின் டீக்கடையில், நாலு பேர் காதில் விழும்படி. ப்ளெஸ்ஸி தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்; வெளி ஆள் எதிரே நின்றாலே தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் அன்றைக்குக் குனிந்தது கூச்சத்தால் மட்டுமில்லை. அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"வாயத் திறக்கல பாத்தீங்களா?" என்று இளம்பரிதி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் சென்னையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து இந்தத் தெருவிலேயே பிரித்துக் காட்டுவதாகவும், அப்புறம் அவள் அப்பா காலேப் திருத்தணியில் மெக்கானிக் என்று ஸ்பேனர் பிடிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி. ப்ளெஸ்ஸியை விட வயதில் மூத்த ஒரு ஜப்பான் வண்டியை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையை ஒட்டின உயரம். "உள்ள குந்தணும்னா ஒரு வாரம் பட்டினி கெடக்கணும்" என்று சந்திரா அவர் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பாள். போன மாதம் அது பட்டறைக்கு சர்வீசுக்கு வந்தபோது, இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில் அதிகமாகச் சூடாகிறது என்று அப்பா காலேப் அதைக் கழற்றினார். செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ரயிலேறி, சென்னையில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டி, பழுதில்லை என்று திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். அந்த வாரமே மிஸ்ஸிங் ஆரம்பித்தது. ஓடுகிற வண்டி திடீரென்று இருமும், குலுங்கும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். இப்போது மறுபடி பட்டறையில் வந்து நின்றது.

சென்னைக்குப் போன காயில் அழுக்காக இருந்தது. வந்த காயில் பளபளவென்று இருந்தது. ப்ளெஸ்ஸி அதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

அதனால், பழையதை விற்றுவிட்டு மலிவாக வேறொன்று மாட்டினாரோ என்று, மூன்று நாளாக அப்பாவின் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள். காலையில், மிஸ்ஸிங் இருக்கும் நேரம் பார்த்து, அவர் பொறியைக் கொண்டுபோகிற நாலு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றாம் நம்பரைப் பிடுங்கினால் இஞ்சின் சத்தம் இறங்கியது. மூன்று, நாலும் அப்படியே. இரண்டாம் நம்பரைப் பிடுங்கினால் மாற்றமே இல்லை. நோய் இரண்டில்தான். இரண்டாவது பிளக்கை மூன்றில் போட்டார். மிஸ்ஸிங் இரண்டிலேயே நின்றது; பிளக்கில் கோளாறில்லை. வயரின் இரு முனையிலும் மீட்டர் வைத்து அளந்தார்; கணக்குச் சரியாக இருந்தது. வெயில் ஏறியதும் வண்டி ஒழுங்காக ஓடியது. இதெல்லாம் தன் கண்ணுக்காகப் போடுகிற வேஷமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை கேட்டேவிட்டாள். "நைனா, அது அதே காயில்தானா?"

காலேப் நிமிரவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அங்க பெட்ரோல் போட்டுத் தொடைச்சிக் குடுத்தாங்க." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "உனக்குமா சந்தேகம்?" என்றார்.

அவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தபோதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. 'உன்னை நம்பினேன்' என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, 'நம்பவில்லை' என்று சொல்லவும் முடியவில்லை.

சாப்பாட்டு வேளையில் மழை பிடித்தது. சாரல் உள்ளே அடிக்கவே, காலேப் பட்டறை ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினார். கரண்டும் போனது. பானெட் திறந்தபடி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று பட்டதும் இஞ்சின் இருமத் தொடங்கியது. அப்போதுதான் அந்த இருட்டில் ப்ளெஸ்ஸி பார்த்தாள்: ஒவ்வொரு இருமலுக்கும் நீலமாக ஒன்று மினுக்கியது. எறும்பு அளவுதான்.

"நைனா, அங்க பாரு. மஞ்சக் கயிறாண்ட."

இரண்டாம் நம்பர் வயரையும் அதன் பக்கத்து இரும்புப் பட்டையையும் சேர்த்து மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. அதில் சுருட்டின செப்புத் தகடு. சர்வீஸ் முடிந்த வாரக் கிருத்திகைக்கு வண்டியைக் கோயில் மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டபோது, திருஷ்டிக்காக இளம்பரிதி கட்டினது. வயரின் ரப்பர் அந்த இடத்தில் மயிரிழையாக வெடித்திருந்தது. காலைப் பனியிலோ மழையிலோ ஈரமானால் பொறி பிளக்குக்குப் போகாமல் தகட்டில் தாவி இரும்பில் இறங்கியது.

மற்ற மூன்று வயரையும் கழற்றித் துடைத்த அப்பா இதை மட்டும் ஏன் கழற்றித் துடைக்கவில்லை என்று கேட்டாள்.

"சாமித் தகடும்மா. நான் கைய வெச்சி நாளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுனா, கிறிஸ்துவன் அவுத்துப் போட்டான்னுதான் பேசுவாங்க. அத ஒதுக்கிக்கினேதான் வேலை பாத்தேன்."

அவருடைய மரியாதையே அவரைத் திருடனாக்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இளம்பரிதி வந்தார். காலேப் ஷட்டரை இறக்கி, வயர்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, வண்டியை முடுக்கினார். டீக்கடை ஆட்கள் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். இருட்டில் தகட்டோரம் நீலம் மினுக்கியது.

"சாமி மேலயே பழி போடுறியா காலேபு?"

"சாமிய நான் ஒண்ணும் சொல்லல சார். வயரு வெடிச்சிருக்குது, செம்பு கரண்ட்ட இழுக்குது. அவ்ளோதான். நீங்க கட்டினது, நீங்களே அவுருங்க. நான் தொட மாட்டேன்." இஞ்சினை நிறுத்தினார்.

இளம்பரிதி செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். தகட்டைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலேப் வேறு வயர் மாட்டி, மறுபடி தண்ணீர் தெளித்து முடுக்கினார். இஞ்சின் ஒரே சீராக ஓடியது. "இன்னாபா, தையல் மிஷின் மாதிரி ஓடுது" என்றாள் சந்திரா. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இளம்பரிதியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஷட்டரைத் தூக்கினார். கதவைத் திறந்து ஸ்டியரிங்கில் கை வைத்தார்.

ப்ளெஸ்ஸி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். குரல் பாதிதான் வந்தது. "சார், நைனா காயில விக்கலன்னு இவங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

இளம்பரிதி அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தார். காலேபை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அவள் விலகும் வரை காத்திருந்து, வண்டியைத் தெருவுக்குத் திருப்பி, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.