மேயருக்கு எதிராக மேயர்

வந்திருந்தவர்கள்: மேயர், அவர் கட்சி உறுப்பினர்கள் எட்டுப் பேர், அவர்களில் ஒருவர் சொந்த மைத்துனர், எதிர்க்கட்சியினர் ஆறு பேர், கதவருகே பியூன். மேயரைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லி எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம். எட்டுக்கு ஆறு. அது தோற்கும் என்று பியூனுக்குக்கூடத் தெரியும்.

மேயர் இருபத்திரண்டு வருடம் வக்கீல். வாய்தா வாங்கியே எதிராளிகளைக் கிழவர்களாக்கியவர். தேர்தலில் ஜெயித்ததும், எதிர்த்து நின்றவரின் வேட்புமனுவில் தேதி தப்பென்று கண்டுபிடித்துத்தான். மேயரான பிறகும் கைப்பழக்கம் விடவில்லை. குடிநீர்க் குழாய்க் கோப்புக்கு மட்டும் பத்தொன்பது வாய்தா. ஆனாலும் அந்த நாற்காலி அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டில் அவர் பேசுவதை யாரும் குறிப்பெடுப்பதில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். தீர்மானத்தை மென்று விழுங்கிப் படித்தார். மேயருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"நிறுத்துங்க டாக்டர். இப்படிப் படிச்சா எந்தக் கோர்ட்லயும் நிக்காது. இங்க குடுங்க."

தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். குழாய் விஷயத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். பத்தொன்பது தேதிகளையும் மனப்பாடமாகச் சொன்னார். "இந்த ஆளை இன்னும் எத்தனை நாள் பொறுக்கறது?" என்று தன் காலி நாற்காலியைக் காட்டிக் கேட்டார். நாற்பது நிமிடம். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாக்கெடுப்பில் ஏழுக்கு ஏழு.

"டேய், கையை இறக்கு," என்றார் மேயர் மைத்துனரிடம்.

"நீங்க இவ்வளவு சொன்னப்புறம் எப்படி அத்தான்? அந்த ஆள் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது."

"அந்த ஆள் நான்தான்டா."

"தெரியுது. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சமமாக நின்றால் மேயரின் வாக்குதான் முடிவு. எதிர்த்துக் கை தூக்கினால் நாற்காலி தங்கும். அவர் தன் வாதத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பொத்தல் தேடினார். அகப்படவில்லை.

"வாய்தா கேளுங்க அத்தான்," என்றார் மைத்துனர், கொஞ்சம் மனசு கேட்காமல்.

"குடுக்க வேண்டியவன் நான்தானே? காரணம் போதாது."

தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். கேஸ் ஜெயித்த முகத்தோடு தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

பியூன் சாவியோடு வந்தார். "ஐயா, எந்திரிங்க. இது மேயர் ரூம்."

"குடையைத் தேடிட்டு இருக்கேன்."

"மனு எழுதிக் குடுங்க. எடுத்துத் தருவாங்க."

அவர் வெளியே வந்தார். பியூன் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.