டிக்கியில் இருந்த பை

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லிச் சொல்லி அண்ணன் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் அவளுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று காலை கடுகு நிஜமாகவே பொரிந்துகொண்டிருந்தாள். அப்பாவின் காரைக் கேரியர் லாரியில் ஏற்றித் தன் ஊருக்கு அனுப்பச் சொல்லியிருந்தான் அண்ணன். அப்பா ஞாபகமாக இருக்கட்டுமாம். அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது ஞாபகம் பொத்துக்கொண்டு வருகிறது என்று முணுமுணுத்தபடி கதவுகளைத் தேய்த்தாள்.

அழுக்கோடு ஏற்றினால் எது பழைய கீறல், எது வழியில் விழுந்தது என்று தெரியாது. அதனால் கழுவித் துடைத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். பெட்ரோல் கால் டாங்குக்கு மேல் கூடாது. ஏரியலைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. அண்ணன் ஒவ்வொன்றையும் போனில் இரண்டிரண்டு தடவை சொன்னான், அவளுக்குக் காது மந்தம் என்பதுபோல. அம்மாவோ வாசற்படியில் நின்று, பின்கண்ணாடியில் இன்னும் திட்டு தெரிகிறது என்று சொல்லி எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள்.

லாரி டிரைவர் பொறுமையான ஆள். காரைச் சுற்றி வந்து, பம்பரில் இருந்த நசுங்கலைப் பார்த்துக்கொண்டு, டிக்கியைத் திறந்தார்.

"என்னம்மா, உள்ள பை இருக்கே? இதோட ஏத்த முடியாது."

நேற்றே கடுகு காலி செய்த டிக்கி அது. இப்போது அதில் அம்மாவின் பச்சைப் பை. ஜிப்பை இழுத்தாள். மடித்த சேலைகள், ஸ்வெட்டர், வெளியே போடும் செருப்பு. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கார் வந்து சேர்ந்ததும் நீயும் வந்துடும்மா என்று அண்ணன் கூப்பிட்டிருக்கிறான். கனமான சாமான் காரோடு முன்னால் போகட்டும், தான் பின்னால் ரயிலில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாளாம்.

கடுகு அண்ணனை அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா துணிப்பை டிக்கியில இருக்கு. எடுத்துட்டுப் பின்னாடி அம்மாவோடயே அனுப்பவா?"

"அம்மாவோடயா? ஐயோ, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. இங்க ஏது இடம்? நீ காரை மட்டும் ஏத்து."

அம்மா படியிறங்கி வந்து போனை வாங்கினாள். குரல் உயரவே இல்லை.

"வண்டி நிறுத்த இடம் இருக்கு, எனக்குத்தான் இல்ல. சரிப்பா. வண்டி இப்ப என் பேர்ல இருக்கு, அது வராது."

போனை வைத்துவிட்டு, லாரியைப் போகச் சொன்னாள். டிரைவர் தன் தலையெழுத்தை நொந்துகொண்டே, காரை ஏற்ற இறக்கி வைத்திருந்த பலகைகளை மடக்கினார்.

அண்ணன் மூக்குடைபட்டதில் கடுகுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலில் தொப்பென்று போட்டாள்.

"இத்தனை வருஷம் என்கூட இருந்துட்டு, எனக்கே தெரியாம மூட்டை கட்டியிருக்க."

"அவன் கூப்பிட்டான்டி. நீ ஒரு நாளாவது என்னை இருன்னு சொல்லியிருக்கியா?"

"இருக்கிறவங்களை யாராவது இருன்னு சொல்வாங்களா?"

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கடுகு கதவுவரை போய்த் திரும்பினாள். கைகள் இன்னும் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"சரி, இப்பச் சொல்றேன். இரு."

மிரட்டுவதுபோல்தான் இருந்தது அது. அம்மா முதல் சேலையை எடுத்து உதறி மடித்து அலமாரியில் வைத்தாள். அதுவும் கோணலாக இருக்கிறது என்று கடுகு பிடுங்கித் திரும்ப மடித்தாள்.