குண்டூசியோட காலிக் கட்டம்

எங்க நர்சரியில பதினொரு வாண்டுங்க. எல்லாம் நாலு வயசு. அதுங்களுக்குப் பறவை பாக்கச் சொல்லித் தர்றேன்னு வாயக் குடுத்து மாட்டிக்கிட்டவ நான்தான். "ஒரு காக்காவைப் பாக்கறதுக்குள்ள உங்க தொண்டை கிழிஞ்சுடும்"னு எங்க ஆயா அன்னிக்கே சொன்னாங்க.

டிஷ்யூ ரோல் தீந்ததும் மிஞ்சுற அட்டைக் குழாய்தான் எங்க பைனாகுலர். ரெண்டு ரெண்டா சேத்து ஒட்டணும், ஆனா குழாய் பத்தலை. ஆளுக்கு ஒண்ணு போதும்னு முடிவு பண்ணினதும் நானேதான். "ஒரு கண்ணை மூடு, குழாய் வழியாப் பாரு!" அவ்வளவுதான் பாடம். சட்டமும் ஒண்ணே ஒண்ணு. பறவையைப் பாத்ததும் கத்தக் கூடாது. கத்தினா சுவரோரப் பெஞ்சுல ரெண்டு நிமிஷம்.

கிளாஸ் சுவத்துல ஒரு சார்ட். ஆளுக்கு ஒரு கட்டம், பறவைக்கு ஒரு ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அம்மா எல்லாரும் வந்து பாப்பாங்கன்னு வேற சொல்லி வச்சிருந்தேன்.

வியாழக்கிழமைக்குள்ள பத்து கட்டம் நிறைஞ்சுடுச்சு. புல்டோசர்னு நாங்க கூப்பிடுற பய எட்டு ஒட்டிட்டான். அதுல ஒண்ணு விமானமா இருக்கும்னு எனக்குச் சந்தேகம். குண்டூசியோட கட்டம் மட்டும் காலி. கிளாஸ்லயே சின்னது அவதான், அதான் அந்தப் பேரு. தினமும் குழாயை வச்சுக்கிட்டு ஆடாம அசையாம நிப்பா.

"என்னடி தெரியுது?"

"இருட்டா இருக்கு மிஸ்."

"மரத்துக்குள்ளயே பாத்தா இருட்டாத்தான் இருக்கும். வானத்தைப் பாரு!" வள்ளுன்னு விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில குழாயைக் கொண்டுவந்து என் மேஜையில வச்சுட்டா. "பறவைக்கு என்னைப் பிடிக்கலை மிஸ். அம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

கெஞ்சிக் கூத்தாடி மத்த வாண்டுங்களோட மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், ஆயாவும் கூட வந்தாங்க. முதல் தடவையா அவளுக்கு எதிர்ல மண்டி போட்டு உக்காந்தேன். குழாயைக் கண்ணுல வச்சா. இந்த முனையில இருந்து உள்ள எட்டிப் பாத்தேன். அடிப்பாவி, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருக்கா! ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்கு வரலை. மிஸ் மூடச் சொன்னாங்க, மூடிட்டா. நாலு நாளா! இத்தனை நாளும் முதுகுப் பக்கமா நின்னு அதட்டின என்னை என்ன செய்யலாம்?

"குழாயைத் தூக்கிப் போடு கண்ணு! ரெண்டு கண்ணையும் திற!"

திறந்தா. எனக்குப் பின்னாடி வேலியைப் பாத்தா. அவ மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. ஆனா கத்தலை. என் காதுகிட்ட வந்து, "மிஸ், சிட்டுக்குருவி. காலைத் தூக்கித் தலையைச் சொறிஞ்சுக்குது"ன்னா.

"பாத்துட்டாடா என் தங்கம்!"

கத்தினது நான். விருட்டுனு ஒரு சத்தம், வேலி காலி. பதினொரு வாயிலயும் விரல். "ஷ்ஷ்ஷ்!" புல்டோசர் இடுப்புல கைய வச்சுக்கிட்டு பெஞ்சைக் காட்டினான். ஆயாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிடுச்சு.

போய் உக்காந்தேன். இவ்வளவு சந்தோஷமா நான் தண்டனை வாங்கினதே இல்லை. குண்டூசி ஸ்டிக்கர் அட்டையோட வந்து பக்கத்துல ஏறி உக்காந்தா.

"நீங்க குருவியைப் பாத்தீங்களா மிஸ்?"

"இல்லடா. உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அட்டையில இருந்து ஒரு ஸ்டிக்கரை உரிச்சா.

"அப்ப உங்களுக்கு ஸ்டிக்கர் கிடையாது"ன்னு சொல்லிட்டு, தன்னோட கட்டத்துல ஒட்ட ஓடிட்டா.