சுவர் தள்ளும் வேலை

கடுகு என்று அவளுக்குப் பெயர் வைத்தது மாமா. ஆறு வயது, ஆளும் பொடிசு. ஆனால் பக்கத்தில் யாராவது நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துவிட்டால் எண்ணெயில் விழுந்த மாதிரி வெடிப்பாள். காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், கைக்கு எட்டியவரைக் கடிப்பாள். இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளைக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டன. மூன்றாவது பள்ளி, ஒரு நாள் வகுப்பில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. அதுவும் கைவிரித்தால் போவதற்கு வேறு பள்ளி இல்லை.

சொந்தத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமா? "முதுகுல ரெண்டு வெச்சா சரியாயிடும்" என்றார் மாமா. தன் பிள்ளைகளிடம் அந்த வைத்தியத்தைப் பல வருடம் செய்து பார்த்தவர். யாரும் சரியானதாகத் தகவல் இல்லை.

அம்மா நம்பியது ஆக்குபேஷனல் தெரபியை, உடம்புக்கு வேலை கொடுத்துப் பழக்கும் சிகிச்சையை. அது நடந்த அறை மாடியில் இருந்தது. தரையில் மெத்தை, தொங்கும் துணி ஊஞ்சல், மணல் மூட்டைகள், ஒரு வெற்றுச் சுவர். தெரபிஸ்ட் கடுகுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பார். மூட்டையைத் தூக்கு, ஊஞ்சலைத் தள்ளு. உடம்பு பாரம் சுமந்தால் சில பிள்ளைகளுக்கு மனசு அடங்கும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. கடுகுக்குப் பிடித்தது சுவர்தான்.

"ரூம் ரொம்பச் சின்னதா இருக்குல்ல? தள்ளிப் பெருசாக்கு, பாக்கலாம்."

கடுகு இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துத் தள்ளுவாள்.

"மூச்ச விட்டுத் தள்ளு. இப்ப உள்ள எப்படி இருக்கு?"

"இன்னும் கொதிக்குது."

"அப்ப இன்னும் தள்ளு."

கடுகு சொன்னதைச் செய்தாள். சொன்னதைச் செய்யாதவள் அம்மாதான். மகளின் முகம் சுருங்குவதற்குள் ஓடிப்போய் அணைத்து, அவளே சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

"நீங்க முந்திக்கிட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தெரபிஸ்ட்.

"என்ன தெரியணும்?"

"உள்ள சூடாகுதுன்னு. அது உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? க்ளாஸ்ல அவ பக்கத்துல நீங்களா உக்காரப் போறீங்க?"

"அதுக்குள்ள கடிச்சு வெச்சுட்டா?"

தெரபிஸ்ட் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். பல் பதிந்த தடம், ஆறிக்கொண்டிருந்தது. "போன வாரம். நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

அன்றிலிருந்து அம்மா தன் கைகளின் மேலேயே உட்கார்ந்தாள். நிஜமாகத்தான், உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. மகள் கத்தினாலும் எழுந்திருக்கவில்லை.

பள்ளியில் அந்த ஒரு நாள் வந்தது. அம்மா நடையில் நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். படம் வரைந்து முடித்ததும் டீச்சர் எல்லோரையும் பலகைப் பக்கம் திரும்பச் சொன்னார். வகுப்பு நாற்காலிகள் அத்தனையும் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

கடுகு காதைப் பொத்தினாள். பக்கத்துப் பையனின் கை அவள் வாய்க்கு நேராக இருந்தது. அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. கையைப் பிடுங்கி அக்குளில் செருகிக்கொண்டாள்.

கடுகு எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேரே பின்சுவருக்குப் போய், அங்கே ஒட்டியிருந்த எழுத்துப் படத்தின் மேலேயே கைகளைப் பதித்துத் தள்ளினாள். படம் கிழிந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் மூச்சை விட்டாள், இன்னொரு முறை தள்ளினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மணி அடித்ததும் டீச்சர் கிழிந்த படத்தோடு வெளியே வந்தார்.

"பாதி க்ளாஸ்ல எழுந்துட்டாம்மா. ஒரு வார்த்தை கேக்கல."

மன்னிப்புக் கேட்கத்தான் அம்மா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஆமா மிஸ். ஆனா திரும்பி வந்து உக்காந்தா. இதுவரைக்கும் அவ திரும்பி வந்ததே இல்ல."

டீச்சர் உள்ளே போய்ச் சுவரில் மிச்சமிருந்த காகிதத்தை உரித்தார். பக்கத்துப் படத்தையும் கழற்றி அலமாரி மேல் வைத்தார். இரண்டு சின்னக் கைகளுக்குத் தாராளமான இடம்.

"நாளைக்கு நேரத்தோட அனுப்பிடுங்க" என்றார்.

கடுகு பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, மாடி ரூம் சுவரு நகரவே மாட்டேங்குதுல்ல? இந்தச் சுவரு கொஞ்சம் நகந்துச்சு."