கொட்டாஞ்சேனையில் பெய்த பனி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்யலாம். கற்பூரப் பெட்டி காலியாக இருப்பதால் இப்போதைக்கு வாய்ச் சத்தியம்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் காலம். கொட்டாஞ்சேனை மேட்டில் ஒரு இங்கிலிஸ் வேதக் கோயில் இருந்தது. அதன் வரைபடம் கப்பலில் வந்தது. வரைந்தவர் இலங்கையைக் கண்டதில்லை. வெயில் உள்ளே வரட்டும் என்று வாசலைத் தெற்கே வைத்தார். வந்தது தென்மேற்கு மழை. சூடு வெளியே போகாதபடி சன்னல்களைக் குறுக்கினார், அது போகவேயில்லை. பனி வழுக்கி விழட்டும் என்று கூரையைக் கும்பிட்ட கைகளைப் போலச் செங்குத்தாக நிறுத்தினார். அந்தக் கூரையின் மரவேலை முழுவதும் ஸாலிஹ் ஓடாவியுடையது. பள்ளிவாசலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவர் கோயிலடியில் நின்று ஒருதரம் அண்ணாந்து பார்க்காமல் நகரமாட்டார். “என்னைய ஒரு நாளாவது இப்பிடிப் பாத்தீங்களா?” என்பாள் மனைவி ருக்கியா.

புதிதாக வந்த பாதிரியார் லண்டனிலேயே புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். ஒருநாள் ஸாலிஹைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் நேசம் டீச்சர், ஞாயிறுதோறும் தான் வாசிக்கும் ஹார்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஓடாவியாரே, இக்கூரை பனிக்காகச் சமைக்கப்பட்டது. இந்நாட்டிலோ பனி பெய்வதில்லை. ஆகவே தாழ்வானதொரு கூரை வேய்வோம். இதனை நீரே இறக்கித் தாரும்.”

ஸாலிஹின் நெஞ்சுக்குள் ஒரு கூரை வளைமரம் முறிந்தது.

“பனி பெய்யாதெண்டு ஆர் தொரை செல்லிய? மார்கழி மாசம் விடியக்காலம் தலையில துண்டு போடாம சுபஹுத் தொழப் போகேலாதே!”

அதில் பொய் ஒன்றும் இல்லை. மார்கழியில் புல்லெல்லாம் ஈரம், ருக்கியாவுக்கு இருமல். ஆனால் பாதிரியாரின் ஊரில் பனி என்பது பஞ்சு பஞ்சாக விழுந்து வீட்டை மூடுவது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெண்மையாகவா?”

“வெள்ளை வெளேரெண்டு.”

“குவியுமோ?”

துரை கேட்பது வேறு பனி என்று அப்போதுதான் ஸாலிஹுக்கு விளங்கியது. நேசம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு ஸாலிஹ் கூரையைப் பார்த்தார்.

“ஒரு வருஷம் முழங்கால் மட்டும் குவிஞ்ச தொரை. ஊரில ஈக்கிய கூரையெல்லாம் இடிஞ்சு குந்திட்டு. இது மட்டும்தான் சளைக்காம எல்லாத்தயும் வழிச்சுக் கீழ தள்ளின. முகட்டில உக்காந்து ஈந்த காக்கா எல்லாம் வெளுத்துப் போய், வெக்கத்தில களனி ஆத்துப் பக்கம் பறந்திட்டு. இப்ப அதுகளத்தான் கொக்கு எண்டு செல்ற.”

பாதிரியார் மெல்லத் திரும்பினார். “நேசம், நீர் கண்டீரோ?”

தாழ்ந்த கூரைக்குக் கீழே அந்த ஹார்மோனியம் தகரப் பேணி போலத்தான் சத்தமிடும் என்பது டீச்சருக்குத் தெரியும்.

“ஓம் பாதர். நான் சறுக்கி விழுந்தனான்.”

பாதிரியார் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஊர் நினைவில் கண்ணைத் துடைத்தாரா, வாயைப் பொத்தினாரா, தெரியாது. தோள் மட்டும் குலுங்கிற்று.

“எனில் கூரை நிற்கட்டும். மீண்டும் பெய்யும்போது என்னை எழுப்பும்.”

அன்று பின்னேரம் ருக்கியா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். “தொரைக்குப் பொய்யா செல்லின?”

“மார்கழியில பனி பெய்யுதா இல்லையா? நீ செல்லு.”

“பெய்யுதுதான்.”

“அப்ப?”

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மஞ்சள் வெயிலில் கோயில் முகட்டில் ஒரு வெள்ளைக் கொக்கு வந்து உட்கார்ந்தது. இங்குமங்கும் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், ‘கா’ என்றது.

கற்பூரப் பெட்டி காலியாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்தக் கோயிலின் கூரை, கட்டிய நாளிலிருந்தே தட்டை.