ஒடிந்த நுனி

"அசையாதீங்க சார். வாயை மூடாதீங்க. எச்சிலக்கூட முழுங்கிடாதீங்க!"

சாய்நாற்காலியில் கிடந்த பஸ் டிரைவரின் கண்கள் பிதுங்கின. பல் சுத்தம் செய்பவளின் கையிலிருந்த ஸ்கேலரில், காறை சுரண்டும் அந்தக் கம்பியில், வளைந்த நுனியைக் காணோம். பாதி அரிசி நீள எஃகு. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல்.

ஏன் ஒடிந்தது என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாகக் கழுத்தைக் கோணிக்கொண்டு, நாளைக்குப் பத்து வாய். கட்டைவிரலில் தொடங்கிய வலி தோள்வரை ஏறிவிட்டது. கருவி கூராக இருந்தால் அழுத்த வேண்டாம் என்று தினமும் தீட்டினாள். தீட்டத் தீட்ட எஃகு மெலிந்தது. புதிது கேட்டால் டாக்டர் காரணம் கேட்பார். காரணம் கை. கை போனால் வேலையும் போச்சு.

"துணியில இல்லம்மா," என்றாள், டிரைவரின் மார்பில் விரித்த துணியை உதறிப் பார்த்த நர்ஸ்.

"உறிஞ்சுற குழாய்ல வடிகட்டி இருக்குல்ல, அதக் கழட்டிப் பாருங்கக்கா."

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வாய் ஓயாத மனுஷனச் சிலையாக்கிட்டே?"

"நுனி ஒடஞ்சிடுச்சு டாக்டர்."

சிரிப்பு நின்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில், கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டி, ஈறுக்குள் ஒரு வெள்ளைக் கீற்று.

"இதோ, இங்கதான் ஒளிஞ்சிருக்கார். அஞ்சு நிமிஷ வேலை."

அவளுக்கு மூச்சு வந்தது. அதற்குள் நர்ஸ் ஓடி வந்தாள், உள்ளங்கையில் ஈரத் துணி.

"கெடச்சிடுச்சும்மா! வடிகட்டியில மாட்டியிருந்துச்சு."

ஒடிந்த இடத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர். கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் வெள்ளைக் கீற்று அப்படியே இருந்தது.

"அப்ப இது?"

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்த எடந்தான் டாக்டர், ஆறு மாசமாக் குத்துது. போன தடவ இவங்க சுத்தம் பண்ணதுலேருந்து."

டாக்டர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எதாவது தெரியுமா?"

 ஆறு மாதம் முன்பு ஒரு மாலை, அவள் தீட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தபோது ஒரு ஸ்கேலர் நுனியில்லாமல் குட்டையாக இருந்தது. பார்த்தாள். அன்றைய பத்து வாய்களில் எதில் ஒடிந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, மிச்சமிருந்ததைக் கூராக்கி, கழுவி, மறுநாள் தட்டில் வரிசையாக வைத்தாள்.